பொழுது சாய்க்கும் பொத்தான்

இஞ்சருங்கோ,

இன்று காலை பெல் பூட்ட ஒருவர் வந்தார். நான் தனியே இருக்கிறேனாம், வாசலில் ஒரு மணி இல்லாமல் எப்படி என்று மகள் கனடாவில் இருந்துகொண்டே ஏற்பாடு செய்து அனுப்பியிருக்கிறாள். வந்தவர் கதவு நிலையைத் தடவிப் பார்த்து, "அன்ரி, இதில முந்தி ஒரு பெல் இருந்திருக்கு. இந்த ரெண்டு ஓட்டையையும் புட்டி வைச்சு அடைச்சுப்போட்டுப் புதுசைப் பூட்டட்டோ?" என்று கேட்டார். "வேண்டாம், தொடாதையுங்கோ" என்று நான் சொன்ன வேகத்தில் மனுசன் ஓரடி பின்னால் போய்விட்டார்.

அந்த ஓட்டைகள் உங்கள் கைவேலை. இரண்டு திருகாணியைக் கழற்றிய குற்றத்துக்கு நான் ஒரு கிழமை உங்களோடு கதைக்காமல் இருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள்.

உங்கள் தமையனார் கொழும்பிலிருந்து அனுப்பிய பழைய கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. கந்தோரில் நாள் முழுக்கக் கோப்புப் புரட்டிவிட்டு வரும் நீங்கள் பின்னேரமானால் விமானி ஆகிவிடுவீர்கள். ஆனால் விசைப்பலகையைத் தட்டிப் பறப்பது உங்களுக்குப் பிடிக்கவில்லை. "எந்தப் பைலட் எழுத்தை அமத்திச் சில்லை இறக்குவான்?" என்று கேட்டீர்கள். பழுதான விசைப்பலகை ஒன்றைப் பிளந்து, உள்ளே இருந்த சின்னத் தகட்டை எடுத்து, எந்த எழுத்துக்கு எந்த முனை என்று தேடிப் பிடித்து, அதில் வயரைப் பற்றவைத்து, வயரின் மறுநுனியில் ஒரு சுவிச்சு. இவ்வளவுதான் வித்தை. ஈயம் உருகும் புகை குசினிவரை வரும். என் சொதியும் அதே மணம் மணக்கும்.

முதலில் வீட்டு லைட் சுவிச்சுகளைப் பூட்டினீர்கள். அவை போட்டால் போட்டபடி நின்றன. யாரோ எழுத்தை அழுத்திக்கொண்டே இருப்பதாக நினைத்த கணினி, விமானத்தின் சக்கரங்களை இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றிக் கூத்தாடியது. விரலை எடுத்ததும் தானே திரும்பி வருகிற சுவிச்சு வேண்டும் என்றீர்கள். பெல் சுவிச்சுதான் அப்படிப்பட்டது. கடையில் ஒன்று இரண்டாக வாங்கிச் சேர்த்தீர்கள். ஒரேயடியாக வாங்கி, வயரும் சுவிச்சுமாகச் சோதனைச் சாவடியில் அகப்பட்டால் என்ன பதில் சொல்வது? கடைசியில் ஒன்று குறைந்தது. எங்கள் வாசல் பெல் போனது.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"பொழுதுக்கு. ஒருக்கா அமத்தினா ஒரு மணித்தியாலம் போகும். பின்னேரம் பாக்கலாம், இருட்டும் பாக்கலாம். நீர் ஒருக்கா அமத்திப் பாருமன்."

"சூரியனை இறக்கிற சுவிச்சு எந்தப் பிளேனில இருக்கு?" என்றேன்.

இன்னொரு வேலையும் செய்து வைத்திருந்தீர்கள். விளையாட்டைத் திறந்தால் விமானம் நேரே சீனன்குடா ஓடுபாதையில் நிற்கும். "பிறந்த ஊர்க் குடாவை முழுசா ஒருக்காப் பாக்கோணும். முகாம் வேலிக்கு இங்கால நிண்டு எவ்வளவு காலம் பாக்கிறது?" என்றீர்கள். அந்தப் படத்தில் கோயிலும் இல்லை, ஊரும் இல்லை, வெறும் பச்சையும் நீலமும்தான். அதையே கண் கலங்கப் பார்ப்பீர்கள். ஆனால் அது அரசோடு போரிட்ட இயக்கமும் சின்ன விமானங்களைப் பறக்கவிடத் தொடங்கியிருந்த காலம். துறைமுகத்தில் கடற்படை, சீனன்குடாவில் விமானப்படை. ஒரு தமிழன் வீட்டுக்குள் இருந்து அந்தத் துறைமுகத்தைச் சுற்றிவரப் பழகுகிறான் என்று தெரிந்தால் யார் விளையாட்டு என்று நம்புவார்கள்? "கொள்ளிக்கட்டையால தலையைச் சொறியிறியள்" என்று சொன்னேன். "வீட்டுக்குள்ள ஆர் வந்து பாக்கப்போகினம்?" என்றீர்கள்.

வந்தார்கள். எங்கள் உப்புவெளியை ஆமி சுற்றிவளைத்த அந்தக் காலையில் ஆம்பிளைகள் எல்லாரையும் அடையாள அட்டையோடு பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். நீங்களும் போனீர்கள். வாகனத்துக்குள் முகத்தை மூடிக்கொண்டு இருக்கும் காட்டிக்கொடுப்பவன் ஒருவரைப் பார்த்துத் தலையாட்டினால் அந்த ஆள் வீடு திரும்பமாட்டான். தப்பியவர்களையும் பொழுதுபட்டால்தான் விடுவார்கள்.

வீட்டுக்குள் ஓர் அதிகாரியும் இரண்டு ஆமிக்காரரும் வந்தார்கள். ஒருவன் மேசையை மூடியிருந்த துணியை நீக்கினான். பலகை நிறையச் சுவிச்சும் வயரும். அடுத்த கணம் மூவரும் கிணற்றடியில் நின்றார்கள், துவக்குகள் என்னை நோக்கி. நான் கந்தளாயில் வளர்ந்தவள், சிங்களம் தடங்கலின்றி வரும். "விளையாட்டுச் சாமான், ஐயா. கணினியில் விமானம் ஓட்டுவது" என்று சிங்களத்தில் சொன்னேன். விமானம் என்ற சொல்லை ஏன் சொன்னேன் என்று உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அப்படியென்றால் நீயே போட்டுக் காட்டு. நாங்கள் இங்கே நிற்கிறோம்" என்றார் அதிகாரி.

வெடித்தால் நான் மட்டும் போகட்டும் என்பது அவர்கள் எண்ணம். வெடிக்காது என்று எனக்குத் தெரியும். படம் வருமே என்றுதான் எனக்குப் பயம்.

கணினி உறுமி உறுமித் திறந்தது. பட்டப்பகல் வெளிச்சத்தில் சீனன்குடா ஓடுபாதை, அதற்கப்பால் குடா, அப்படியே. வெடிக்கவில்லை என்று கண்டதும் படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. இனி அணைத்தாலும் சந்தேகம். என் பெருவிரல் எங்கள் வாசல் பெல்லைத் தேடிப்போய் அழுத்தியது. அழுத்திக்கொண்டே இருந்தேன். வெயில் சாய்ந்தது, கடல் கறுத்தது. அதிகாரி என் பின்னால் வந்து நின்றபோது, கரிய திரையில் ஓடுபாதை விளக்குகள் மட்டும் இரண்டு வரிசையாக எரிந்தன.

"எந்த இடம்?"

"எனக்கு எப்படித் தெரியும், ஐயா? ஏதோ வெளிநாடாக இருக்கும். அவர்தான் ஓட்டுவார்."

அவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். ஒரு சுவிச்சைத் தொட்டார், விமானத்தின் முன்விளக்கு எரிந்தது. பிறகு அவர் விரல் பெல்லின் மேல் போய் நின்றது. "இது?"

அவரும் அழுத்திக்கொண்டு போனால் விடிந்துவிடும். விடிந்தால் குடா தெரியும். குடா தெரிந்தால் நீங்கள் இல்லை. எனக்கு அந்த நேரம் ஒரு பொய்யும் வரவில்லை. "அது எங்கள் வாசல் பெல், ஐயா. இந்த மனுசன் கழற்றிக்கொண்டுவந்து இதில் பூட்டிவிட்டார். அங்கே பாருங்கள், நிலையில் ஓட்டை."

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். அந்த இரண்டு ஓட்டைகளையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "என் பெண்சாதி என்றால் என்னை வீட்டைவிட்டுத் துரத்தியிருப்பாள்."

"நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றேன். அந்தப் பதில் எங்கிருந்து வந்ததோ தெரியாது. போய்விட்டார்கள். நான் குசினி நிலத்தில் குந்தியிருந்து அழுதேன்.

பொழுதுபட நீங்கள் வந்தீர்கள், சேட்டு முழுக்க மைதானத்து மண். நடந்ததைச் சொன்னேன். உடனே ஸ்குரூ டிரைவரை எடுத்தீர்கள். "திரும்ப வாசல்ல பூட்டிவிடுறன்" என்றீர்கள். "அது அங்கயே இருக்கட்டும். சீனன்குடாவை மட்டும் மாத்துங்கோ" என்றேன். மாற்றினீர்கள். சண்டை முடியும்வரை ஏதோ ஒரு பனி நாட்டிலிருந்து பறந்தீர்கள். முடிந்த பிறகு ஒரு பின்னேரம், என்னைப் பக்கத்தில் இருத்திக் குடாவைச் சுற்றி வந்தீர்கள். அடுத்த மாரி மழையைப் பார்க்க நீங்கள் இருக்கவில்லை.

உங்களிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு. அன்று அந்தப் பொத்தானை அழுத்தியது குடாவை மறைக்க மட்டுமில்லை. பொழுதுபட்டால்தானே ஆம்பிளைகளை விடுவார்கள். திரையில் வெயில் இறங்க இறங்க, மைதானத்தில் நீங்கள் எழும்பி, மண்ணைத் தட்டிவிட்டு, வீட்டுக்கு வெளிக்கிடுவதாகவே என் மனம் நினைத்தது. இருட்டிய பிறகு விரலை எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பெல்காரருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். மகள் கோபிப்பாள், கோபிக்கட்டும். இப்போதும் பொழுதுபடுகிற நேரம் என் பெருவிரல் தானாக மடங்குகிறது, கண் வாசலுக்குப் போகிறது. அங்கே மணி இல்லை. வந்தால் தட்டுங்கள், எனக்குக் கேட்கும்.