கம்பிக்கு ஊற்றிய தண்ணீர்

இன்று மாலை பெட்டியின் பின்மூடியைக் கழற்றி, பஸ் குலுக்கலில் விட்டுப்போன ஒயரைப் பற்றவைத்தேன். ஈயம் உருகிப் புகை மூக்கில் ஏறியதும், "ஊதாதடி, தானா ஆறட்டும்" என்று நீ அதட்டுவது காதில் கேட்டது. ஊதவில்லை.

நம் பெட்டியைப் பார்த்தவர்கள் எல்லாம் பாட்டு வருமா என்றுதான் கேட்டார்கள். "பாடாது. ரேடியோ அலை எம்புட்டுப் பலமா வந்து சேருதுன்னு அளக்கும்" என்று சலிக்காமல் சொல்வாய். பழைய ரேடியோவில் கழற்றிய கண்டென்சர், கம்பியைச் சுருளாக நாம் சுற்றிய காயில், ஒரு டையோடு, ஆய்வகத்தில் கெஞ்சி வாங்கிய மீட்டர். பள்ளி வேப்பமரத்தில் கட்டிய ஏரியல், மதுரையிலிருந்து வரும் அலையைப் பிடிக்க வேண்டும்; மீட்டரின் முள் நகர வேண்டும். நகரவில்லை.

காயிலை அவிழ்த்துத் திரும்பச் சுற்றினோம். டையோடை மாற்றினோம். "தையல் கிளாசுக்குப் போங்க தாயி" என்று வாட்ச்மேன் சிரித்தார். நீதான் பெட்டியை விட்டுவிட்டு மண்ணைப் பார்த்தாய். எர்த்துக்கு அடித்திருந்த இரும்புக் கம்பி, விழப்போகும் பல்லைப் போல ஆடியது. கோடையில் வெடித்த கரிசல் கம்பியைக் கைவிட்டிருந்தது. சுற்றிலும் விரல் நுழையும் இடைவெளி. பிறந்ததிலிருந்து மிதிக்கிற மண், அது இப்படித்தான் என்பது நமக்கு உறைக்கவே இல்லை.

இடைவெளியில் மண்ணைத் தள்ளி, உப்பைப் போட்டு, நம் குடிதண்ணீர் பாட்டில்கள் இரண்டையும் கவிழ்த்தாய். தெருக்குழாய் வரிசையில் நின்ற ஒரு அக்கா வேலிக்கு மேலே எட்டிக் கத்தினார்: "குடிக்கத் தண்ணியில்லாம நாங்க காஞ்சு கெடக்கோம், இதுக இரும்புக்கு ஊத்துதுகளே!"

"எங்க பங்குதான்க்கா. எங்க ரெண்டு பேருக்கும் தவக்காலம். இன்னைக்கு ஒருசந்தி, தண்ணிகூடக் கிடையாது."

ஒருசந்தி உங்கள் சர்ச் நோன்பு; என் நெற்றியில் திருநீறு. என்னையும் சேர்த்து நோன்பு இருக்க வைத்துவிட்டாய். அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாம் திரும்பிப் பார்த்தபோது முள் எழுந்து நின்றது.

"அடுத்து பந்தல்குடி. மதுரைக்கு இன்னும் தூரம்ல, அங்க எம்புட்டுக் குறையுதுன்னு பாக்கணும்" என்றாய்.

பரீட்சை லீவில் மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோயிற்று.

பள்ளி திறந்து, விருதுநகர் அறிவியல் கண்காட்சிக்குப் பெயர் அட்டை எழுதினேன். உன் பெயர் முதலில், என் பெயர் கீழே. "இல்லாத பிள்ள பேரு எதுக்கும்மா? வர்றவுக கேப்பாக, நீ அழுவ. எடுத்துரு" என்றார் டீச்சர்.

"எடுக்க மாட்டேன் டீச்சர்."

"அப்ப பெட்டிய அனுப்ப மாட்டேன்."

"அனுப்ப வேணாம் டீச்சர். அவ பேரு இல்லாம அது எங்கயும் வராது."

அவர் முன்னால் நான் அழவில்லை. வீட்டில் என்ன செய்தேன் என்பது உனக்கு எதற்கு? மறுநாள் காலை என் முகத்தைப் பார்க்காமலே, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, பெட்டியத் தூக்கு" என்றார். அட்டையை அவரே கையில் வைத்திருந்தார்.

விருதுநகரில் மழை எட்டியும் பார்க்கவில்லை. மைதானத்தில் கம்பியை அடித்து, என் பாட்டிலைக் கவிழ்த்தேன். நடுவராக வந்தவர், "என்னம்மா, செடி நட்டிருக்கியா?" என்றார்.

"கரிசல் சார். காஞ்சா கம்பிய விட்டுரும்."

"இத யாரு கண்டுபிடிச்சா?"

அட்டையில் முதல் பெயரில் விரலை வைத்தேன்.

"எங்க, கூப்பிடு அந்தப் பிள்ளைய."

"அவ செத்துட்டா சார். முள்ளப் பாருங்க."

குனிந்து வெகுநேரம் பார்த்தார். பரிசு வேறு பள்ளிக்குப் போனது. போகட்டும். வருகிற சனிக்கிழமை பெட்டியோடு பந்தல்குடிக்குப் போகிறேன். அட்டையும் வரும்.

திரும்பும் பஸ்ஸில் தொண்டை வறண்டு இருமினேன். பாலவனத்தத்தில் ஏறிய ஒரு அம்மா தன் தண்ணீரை நீட்டினார்.

"வேணாம்மா, எனக்கு ஒருசந்தி" என்றேன்.

அவர் என் நெற்றித் திருநீற்றையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் மடியில் இருந்த பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.