தர்ஷினியின் ராத்திரி மாத்திரை

ஜோகுபாளையம், பெங்களூர்
14.6.1998

அன்பு மகள் இளவேனிலுக்கு அப்பா எழுதுவது. இங்கே மூவரும் சுகம். ஷார்ஜா வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் கவினும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டுமென்று தினமும் நினைத்துக்கொள்கிறோம். பிள்ளைக்குப் பல் முளைத்ததாகப் போனில் சொன்னாயே, உன் அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

உன் தங்கை விஷயம் ஒன்று எழுத வேண்டும். பிப்ரவரியிலிருந்து நீ கேட்கும்போதெல்லாம் தர்ஷினி நன்றாக இருக்கிறாள் என்றேன். அது முழு உண்மை இல்லை, பச்சை உடம்புக்காரி பதறுவாய் என்று மறைத்தேன். அவள் சிறுநீரகக் கோளாறு முன்பு இருந்தபடியேதான் இருக்கிறது, டயாலிசிஸ் இன்னும் தேவைப்படவில்லை. வேறொன்று வந்தது. பள்ளிக்கூடத்தில் போர்டு மங்கலாகத் தெரிகிறது, தலை வலிக்கிறது என்றாள். கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார், கண்ணாடிக்கு எழுதித் தரவில்லை, உள்ளே இரத்தக் குழாய்கள் கெட்டிருக்கின்றன, இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் பிரஷர் பாருங்கள் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை, தெருமுனை கிளினிக்கில் மாதாமாதம் பார்த்துச் சரியாக இருக்கிறது என்றுதானே சொல்லிவந்தார்கள். ஆஸ்பத்திரியில் யசோதா என்று ஒரு நர்ஸ், தர்ஷினியின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவ்ளோ சின்ன கைக்கு பெரியவங்க பிரஷர் பட்டைய சுத்துனா கம்மியாதான் காட்டும் அண்ணா" என்று சொல்லிச் சின்னப் பட்டையைச் சுற்றினாள். நூற்றைம்பதுக்கு மேல் காட்டியது, பதினொரு வயதுப் பிள்ளைக்கு.

அன்றே சேர்த்துக்கொண்டு இதயத்துக்கு ஸ்கேன் எடுத்தார்கள். இடது பக்கச் சுவர் தடித்திருந்தது. கிட்னி கெட்ட பிள்ளைகளுக்கு நாங்கள் அதிகம் பயப்படுவது இதயத்தை நினைத்துத்தான் என்றார் டாக்டர். பிரஷரை எதிர்த்து அடித்தடித்து இதயம் தடிக்குமாம், இரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறினால் குழாய்களில் சுண்ணாம்பு படிந்து விறைக்குமாம், வெளியே ஒன்றும் தெரியாதாம். முப்பது வருடம் பைப் வேலை பார்த்தவனுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு சீட்டையும் மிச்சமிருந்த மாத்திரைகளையும் பார்த்து, இரண்டு வேளையும் பிரஷர் மாத்திரை போட்டிருந்தால் இவ்வளவு ஏறியிருக்காதே, யார் குறைத்தது என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் தர்ஷினி, "நான்தான் டாக்டர், கசக்குதுன்னு ராத்திரி மாத்திரைய தூக்கிப் போட்டுடுவேன்" என்றாள்.

அது பொய். அம்மா கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போய்விடுவதால் இரண்டு வேளை மாத்திரையும் என் பொறுப்பு. தீபாவளிக்குப் பிறகு, போட்டால் தலை சுற்றுகிறது என்று பிள்ளை படுத்தே கிடந்தாள், பார்க்கப் பொறுக்காமல் யாரையும் கேட்காமல் ராத்திரி மாத்திரையை நிறுத்தியவன் நான். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை, மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்ல டாக்டர், நிறுத்துனது நான். எனக்காகப் பொய் சொல்றா" என்றேன். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலாம். தலை சுற்றினால் வந்து சொல்லுங்கள், வேறு மாத்திரை தருகிறேன், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று மட்டும் சொன்னார். வெளியே வந்ததும் ஏன்டி அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். சின்னப் பிள்ளையென்றால் டாக்டர் விட்டுவிடுவார், உங்களையென்றால் திட்டுவார் என்றாள்.

போன வாரம் மறுபடி ஸ்கேன் எடுத்தோம். தடிப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது, இப்படியே போனால் இன்னும் குறையும் என்றார். கண்ணும் தெளிந்துவிட்டது. மாப்பிள்ளை வரும்போது பேரீச்சம்பழம், பிஸ்தா, சீஸ் டப்பா எதுவும் வாங்கி வர வேண்டாம், அவளுக்கு ஆகாது. கலர் பென்சில் கேட்டிருக்கிறாள், அதை வாங்கி அனுப்பு.

இதில் மிச்சமிருப்பது உன் அம்மா. ஊறுகாயும் உப்பும் போட்டுப் பிள்ளை இதயத்தைக் கெடுத்தது தன் கைதான் என்று நான்கு மாதமாகப் புழுங்குகிறாள். மாத்திரையை நான் நிறுத்தியதை அவளிடம் சொல்லவில்லை, தர்ஷினியும் சொல்லவில்லை. உனக்கு எழுதி முடித்த பிறகுதான் அவளிடம் சொல்ல எனக்கு வாய் வருகிறது. இப்போது எழுந்து போய்ச் சொல்லப் போகிறேன்.

நீயும் உன் குடும்பமும் நோய்நொடியின்றி நீடூழி வாழ வேண்டும். அடுத்த முறை போன் செய்யும்போது முதலில் அம்மாவிடம் பேசு.

உன் அப்பா,
கணேசமூர்த்தி