சீட்டுக்கடியில் உன் செருப்பு

இன்று காலை முவைலா ரவுண்டானாவில் பிரேக்கை அழுத்தியபோது, பக்கத்து சீட்டுக்கடியிலிருந்து உன் நீல ரப்பர் செருப்பு ஒன்று வழுக்கி வெளியே வந்தது. எட்டு மாதமாக அங்கேதான் கிடக்கிறது. வண்டி கழுவுகிற பட்டான் பாய் இரண்டு முறை அதைக் குப்பையில் போடப் பார்த்தார். பிடுங்கி மறுபடியும் உள்ளே வைத்தேன். வெளியே எடுத்துவிட்டால் நீ போனது உறுதியாகிவிடும் என்று ஒரு அசட்டு நினைப்பு.

வாரம் ஒருமுறை நமக்கு அதே வேலை. வடக்கே, ராஸ் அல் கைமா பக்கம், வன்னிக் காட்டுக்கு அப்பால் நிற்கும் செல்போன் டவருக்கு டீசல் கொண்டு போவது. தார் ரோடு முடிந்ததும், மணலில் புதையாமல் இருக்க நான்கு டயரிலும் காற்றைக் குறைப்போம். காட்டுக்கு நடுவே ஒரு அரை கிலோமீட்டர் மட்டும் பொல்லாதது. காற்றடித்து மணல் வாரத்துக்கு ஒரு இடம் மாறிக்கொண்டிருக்கும். அங்கே நீ செருப்பைக் கழற்றிச் சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு வெறுங்காலோடு வண்டிக்கு முன்னால் நடப்பாய். புதைகிற இடம் வந்தால் கை இடமோ வலமோ நீளும். உன் காலடியை விட்டு விலகாமல் நான் ஓட்டுவேன். நீ குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரன். சிவகங்கைக்காரனான எனக்கு மணல் என்றால் வீடு கட்டுகிற மணல்தான்.

"லேய் மக்கா, மேல பாத்து நம்பாத. கால வச்சாத்தான் உள்ள என்ன கெடக்குன்னு தெரியும்" என்பாய்.

முதல் வன்னி மரத்தைக் கண்டதும் நான் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். "ஒங்க சாமியும் விசா எடுத்து வந்துட்டாரா?" என்று சிரிப்பாய்.

ஒன்றை உன்னிடம் சொல்லியாக வேண்டும். என் வீட்டுக்காரியிடம்கூட இன்னும் சொல்லவில்லை. நம் கடைசிப் பயணத்தில், மணல் சுடுவதற்கு முன்பே போயிருந்தும், நீ பாதி வழியில் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாய். வலிக்கிறதா என்று நான் கேட்கவில்லை. ஹாரன் அடித்தேன். "யல்லா மாப்ள! நாளைக்கு ஊருக்குப் போற நெனப்புல கால் ஓடலயா?" என்று கத்தினேன். நீ திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு நடந்தாய். அன்று கேம்ப்பில் இறங்கி ரூமுக்கு வெறுங்காலோடே போனாய். செருப்பையே மறக்கிற அளவுக்கு ஒருவன் களைத்திருக்கிறான் என்று எனக்கு உறைக்கவில்லை. மறுநாள் புது ஷூ போட்டுக்கொண்டு விமானம் ஏறினாய். வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் நெஞ்சுவலியில் நீ போய்விட்டாய் என்று போன் வந்தது.

அந்த ஹாரன் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. மன்னித்துவிடு.

உனக்குப் பதிலாக ஆபீசில் போனில் வழி சொல்கிற ஒரு மேப் கொடுத்திருக்கிறார்கள். இனி ஒரு ஆள் போதுமாம். காட்டுக்குள் பேச்சுத் துணைக்கு அதுதான் இருக்கிறது, அதுவும் இங்கிலீஷில். இத்தனை மாதம் தட்டுத்தடுமாறிக் கடந்துவிட்டேன்; இன்று அது நேரே போகச் சொன்னது. போனேன். பின்சக்கரம் அச்சுவரை இறங்கியது. மண்வெட்டியால் தோண்டி, எப்படியோ பின்னால் எடுத்தேன்.

பிறகு ஷூவைக் கழற்றி உன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கி நடந்தேன். என் கால்களுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. இரண்டு இடத்தில் கணுக்கால்வரை புதைந்து ஒதுங்கினேன். அந்த மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். கடைசிவரை போய், திரும்பி வந்து, என் கோணல் காலடியைப் பார்த்தபடியே மெதுவாக ஓட்டினேன். வண்டி எங்கும் சிக்கவில்லை.

இறுகிய தரை வந்ததும் பழக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டேன். எட்டி உன் பக்கத்துக் கதவைத் திறந்து, நீ காலைத் தட்டிக்கொண்டு ஏறுகிற நேரம்வரை காத்திருந்தேன். ஹாரன் அடிக்கவில்லை.