பாதியில் நின்ற செபம்

அன்புள்ள அம்மாவுக்கு,

பிறேமா எழுதுகிறேன். நான் சுகம். மன்னாரில் மறுபடியும் சண்டை என்கிறார்கள். உங்கள் சுகத்தை உடனே அறியத் தாருங்கள்.

இந்த ஜெர்மன் ஊரில் எனக்கு அறை தந்த பாஸ்டர் வில்லியின் மனைவி எல்ஸா போன கிழமை காலமானார். பயப்படாதீர்கள், நான் தொடர்ந்து இங்கேயே இருக்கலாம். அவர்கள் மெனோனைட் சபை. ஆயுதம் தொடக்கூடாது என்று போதிப்பவர்கள். கலியாணம் கட்டிய நாள் முதல் இருவரும் ஒன்றாகவே நோயாளிகளிடம் போவார்கள். பாஸ்டர் செபிப்பார், எல்ஸா அவர்களுடைய அழுக்குத் துணிகளைத் தோய்த்துக் காயப்போட்டுவிட்டு வருவார். சாப்பாட்டுச் செபத்திலும் முதல் வரி பாஸ்டருடையது, இரண்டாவது எல்ஸாவுடையது.

அடக்கம் முடிந்து வந்ததும் நான் சூப் வைத்தேன். பாஸ்டர் முதல் வரியைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீயாவது சொல்லு, பிள்ளை."

நாளாந்தம் கேட்ட வரிதான், அம்மா. அந்த நேரம் அதில் ஒரு ஜெர்மன் சொல்லும் வாயில் வரவில்லை.

"எனக்கு ஏலாமல் கிடக்கு, ஐயா."

அவர் கரண்டியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். நான் சூப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

யாராவது வந்தால் மிளகாய்த்தூள் கொடுத்து விடுங்கள். வீட்டில் நாங்கள் சாப்பிட முன் சொல்லும் செபத்தையும் எழுதி அனுப்புங்கள். அதுவும் எனக்குப் பாதிக்கு மேல் மறந்துவிட்டது.

பஸ் தரிப்பிடத்தில் இருந்துதான் எழுதுகிறேன், பஸ் வருகிறது.

உங்கள் மகள்,
பிறேமா