விட்டுக்கொடுத்த சனிக்கிழமை

பீளமேடு, ஆகஸ்ட் 1991

அன்புள்ள உனக்கு,

வயிற்றில் குழந்தை உதைக்கிறது என்று உடுமலை அம்மா வீட்டிலிருந்து எழுதியிருந்தாய். நான்கு முறை படித்தேன்.

எங்கள் மோட்டார் கம்பெனிக்குச் செம்புக் கம்பி வருவதில்லை. வெளிநாட்டில் வாங்க நாட்டிடம் டாலர் இல்லையாம். புதிதாகச் சேர்ந்த ஆறு பேரை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் தான் உட்பட எல்லோரும் சனிக்கிழமை வேலையையும் சம்பளத்தையும் விட வேண்டும் என்றார் முதலாளி.

"டெல்லிக்காரங்க பண்ணுனதுக்கு நாம எதுக்குங்க கட்டோணும்?" என்றார் ஃபோர்மேன் கந்தப்பன்.

"பெட்ரோலும் வெளிநாட்டுச் சரக்குத்தானுங்கண்ணா. ஞாயித்துக்கிழமையானா அமராவதி டேமுக்கு பைக்குல போனது நானுந்தானுங்க" என்றேன்.

"பின்னால அம்மணியும் உக்காந்திருந்துச்சில்ல? அதுக்கும் சேத்து நீயே கட்டு கண்ணு!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு சனிக்கிழமையை விட்டுக்கொடுக்கக் கைகள் உயர்ந்தன. முதல் கை என்னுடையது. உன்னைக் கேட்கவில்லை.

ஆறு பேரும் வேலையில் இருக்கிறார்கள். பைக்கை விற்றுவிட்டேன். பிரசவச் செலவுக்கு அது போதும். சைக்கிளில் போகும்போது தெருவை இப்போதுதான் பார்க்கிறேன்.

இதுவரை வாரத்தில் ஞாயிறு மட்டும்தான் உன்னிடம் வர முடிந்தது. இனி சனிக்கிழமை முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவேன். கோபம் இருந்தால் அதுவரை வைத்திரு. தீர்க்க இரண்டு நாள் இருக்கிறது.

ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்த,
உன்னவன்