ராணியின் பட்டை

ஐப்பசி, வெள்ளி. விடாத மழை.

நான் கண்டுபிடித்த பாலிமர் கழுத்துப்பட்டை நாயின் உடல்சூட்டில் வளைந்து கழுத்தைப் பிடிக்கும். சூடு போனால் நேராகிவிடும். போன மாதம் எங்கள் நாய் ராணி செத்த அன்று அதன் கழுத்திலிருந்த பட்டை தானாகவே நேராகிக் கழன்றது. துடைத்து ஆணியில் தொங்கவிட்டேன்.

'உயிருள்ள உடலின் சூடு தவிர வேறெதற்கும் இது வளையாது' என்று காப்புரிமை அலுவலகத்துக்கு இன்று காலைதான் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். தலத்தெரு வீட்டுக்குத் திரும்பியதும் மனைவி கேட்டாள்: "ராணி பட்டைய எந்த நாய்க்குங்க மாட்டினீங்க? ஆணியில வட்டமா வளைஞ்சு கெடக்கு."

தொட்டேன். இந்தக் குளிரிலும் வெதுவெதுப்பாக இருந்தது. ராணியின் கழுத்தளவேதான்.

நான் எழுதிக்கொடுத்தது பொய் என்றால் ஆறு வருட உழைப்பு போய்விடும். போகட்டும். பொய்யாகவே இருக்கட்டும்.