பாவு முடியட்டும் என்றாயே

இன்று காலை மைக்ராஸ்கோப்பில் ஒரு புற்றுநோய்ச் செல் உப்பி உப்பிப் பட்டென்று வெடித்தது. உடனே உன் நினைப்பு வந்துவிட்டது, அக்கா. "வெடிக்கிறதப் பாத்தா என் ஞாபகமாடி வருது?" என்று சிரிப்பாய். வேறு யார் ஞாபகம் வரும்?

ஆரணியில் நம் தெருவுக்கே கேட்கிற தொண்டை உனக்கு. காலேஜ் லீவில் உன் தறியில் நீ நெய்ய, நான் பக்கத்தில் உட்கார்ந்து புடவைக் கரைக்கு, நூல் சுற்றிய நாடாக் கட்டையைத் தள்ளுவேன். நீளவாக்கில் ஓடும் பாவில் ஓரிழை அறுந்தால் போதும். "நிறுத்துடி! அறுந்தத மறைச்சிகினு நெய்யாத, பொடவ பூரா பாழாப் பூடும்!" என்று கத்துவாய். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். எனக்கு மானம் போகும்.

அப்படிப்பட்டவள், மார்பில் வந்த கட்டியை மட்டும் வெளியே சொல்லவில்லை. சென்னையிலிருந்து நான் வந்திருந்தபோது, தறியை விட்டு எழாமல், மெதுவாகச் சொன்னாய்: "சின்னதா என்னமோ இருக்குது. வலியில்ல. பாவு முடியட்டும், காட்டிக்கலாம்." நானும் தலையாட்டிவிட்டு பஸ் ஏறினேன். சே, நானும் தறி வீட்டில் பிறந்தவள்தானே! பாவு எங்கே முடியும்? பழைய பாவின் நுனியில் புதுப்பாவை இழை இழையாகப் பிணைத்து மறுபடி உட்கார்ந்துவிடுவோம். மூன்று பாவு பிணைத்து, மாதங்கள் ஓடிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தாய். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. என்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

இப்போது என் வேலை இதுதான். சில செல்கள் அரவமில்லாமல் சாகும். பக்கத்துச் செல்லுக்குக்கூடத் தெரியாது. சில, சாவு வீட்டு ஓலம் மாதிரி, வெடித்துச் சாகும்போதே உடம்பின் காவல் செல்களைக் கூப்பிட்டுவிடும். வந்தவை மிச்சமிருக்கும் புற்றையும் அடையாளம் கண்டு தாக்கக்கூடும். பல புற்றுகள் அந்த ஓலத்தை அடக்கி வைத்திருக்கின்றன. அதைத் திரும்ப எழுப்பத்தான் வழி தேடுகிறோம். ஓலம் மிஞ்சினால் நல்ல சதையும் வெந்துபோகும், அது ஒரு பேஜார். இன்னும் பரிசோதனைதான். இந்த வைத்தியம் அன்றைக்கே இருந்திருந்தால் உன்னைக் காப்பாற்றியிருக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன்.

மதியம் உன் மகள் போன் செய்தாள். உன் தறியில் இப்போது அவள்தான் நெய்கிறாள். "சித்தி, மாருல சின்னதா கட்டி மாதிரி இருக்குது. வலியெல்லாம் இல்லீங்க. இந்தப் பாவு முடிஞ்சதும் வர்றேன்."

என் தொண்டையிலிருந்து உன் குரல் வந்தது. "நிறுத்துடி! ஜல்தியா பஸ் ஏறு!"

ஆய்வகமே திரும்பிப் பார்த்தது. மானம் போனால் போகட்டும்.

இதை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் வந்துகினு இருக்கிறாள். பாதிப் புடவை தறியிலேயே கிடக்கிறதாம்.